மாணவர் மன்ற விதிகள்: நடத்திப் பார்த்தவர்களின் யோசனை தேவை

வணக்கம். 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு மாணவர் மன்றம் அமைக்கிறோம். வகுப்புக்கு இருவர், ரகசிய வாக்கெடுப்பு. (கைதூக்கச் சொன்னால் நண்பன் முகத்தைப் பார்த்துத்தான் கை உயரும்.) ஆசிரியர் யாரையும் முன்மொழியக் கூடாது.

சிக்கல் தேர்தலுக்குப் பிறகுதான். பிரதிநிதிகள் கூட்டத்துக்கு முன் வகுப்பைக் கேட்பதில்லை, முடிந்தபின் வந்து சொல்வதுமில்லை. அதனால் விதிகளை இப்படி எழுதியிருக்கிறோம்: பொருள்நிரலை ஒரு வாரம் முன்பே ஒட்ட வேண்டும், அதைப் பேச வகுப்பில் 20 நிமிடம் ஒதுக்க வேண்டும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தலைமையாசிரியர் 10 வேலை நாளுக்குள் 'சரி', 'இல்லை', 'இப்போதைக்கு இல்லை' என்று காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும். காரணம் சொல்லாத மறுப்புதான் மன்றங்களைச் சாகடிக்கிறது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 12ஆவது பிரிவில், குழந்தையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்கச் சொல்கிறது; கேட்டுத் தலையாட்டினால் போதாது.

இரண்டு கேள்விகள். விளையாட்டு நேரம், கழிவறைப் பராமரிப்பு, தேர்வு அட்டவணை: இவற்றில் எதை மன்றமே முடிவு செய்யலாம், எதில் யோசனை மட்டும் சொல்லலாம்? பெரிய வகுப்பினர் பேசத் தொடங்கினால் 6ஆம் வகுப்பினர் வாயே திறப்பதில்லை. அவர்களுக்குத் தனிக்கூட்டமா, சிறியவர்களை முதலில் பேசவிடுவதா, எது பலித்தது? உங்கள் மன்றத்தின் விதித்தாள் இருந்தால் பகிருங்கள்.