சேத்து வயலுக்கு எந்த ரயர் போடலாம்?

வணக்கம் உறவுகளே. சாவகச்சேரிப் பக்கம் எங்கட நெல்வயலுக்குள்ள சின்ன உழவு இயந்திரம் புதையுது. 24 குதிரைவலு, நாலு சில்லும் இழுக்கிறது. முன் ரயர் 7-12, பின் ரயர் 8.3-20, ரெண்டும் ஆர்-1, அதாவது வழக்கமான உழவு ரயர்ப் பல்லு.

உரும்பிராய்ச் செம்மண்ணில ஒரு குறையும் இல்லாமல் உழுதது. இங்க களிமண். ஐப்பசி மழை துவங்கி ரெண்டு கிழமையில மூன்று தரம் புதைஞ்சிட்டுது. ரயர்ப் பல்லுக்கிடையில சேறு அப்பி வழுவழுப்பாகுது. பிறகு சில்லு நின்ற இடத்திலயே சுத்திக் கிடங்கு தோண்டுது. போன கிழமை வேற மெசின் கொண்டுவந்துதான் இழுத்தெடுத்தனாங்கள்.

காத்தைக் குறைச்சுப் பார்த்தன். பின் ரியூப்புக்கு முக்கால்வாசி தண்ணி விட்டன், பாரம் கூடி இன்னும் ஆழமாத்தான் இறங்கிச்சு. டிஃப் லொக் (ரெண்டு பின் சில்லையும் ஒண்டாச் சுத்த வைக்கிற பூட்டு) போட்டால் கொஞ்சத் தூரம் நகரும், அவ்வளவுதான். இரும்புச் சில்லு நல்லா இழுக்குது, ஆனால் வீட்டிலிருந்து வயலுக்கு 3 கிலோமீற்றர் தார் றோட்டு. ஒவ்வொரு நாளும் கழட்டிப் பூட்ட ஆளில்லை.

ஆழப் பல்லு உள்ள ஆர்-2 ரயர் போடச் சொல்லினம். அதே அளவெண்டாலும் உயரம் கொஞ்சம் கூடுமாம், அப்ப முன் சில்லும் பின் சில்லும் ஓடுற வேகம் ஒத்துவராது. பின்னுக்கு மட்டும் மாத்தினால் முன் சில்லு இழுவையின்ர பல்சக்கரத்துக்குப் பழுது வருமா, நாலையும் சேர்த்துத்தான் மாத்தவேணுமா? போட்டு ஓடின ஆக்கள் சொல்லுங்கோ.