டோக்கியோவிலிருந்து கனசாவா: ஒரே நாளில் போய்த் திரும்பலாமா, தங்க வேண்டுமா?

வழிப்போக்கன் எழுதியது:

வணக்கம். நவம்பர் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் என் தாயாருமாக எட்டு நாள் பயணமாக ஜப்பான் செல்கிறோம். டோக்கியோவில் இறங்கி, கியோட்டோவைப் பார்த்துவிட்டு, ஒசாகாவை அடுத்த கான்சாய் விமான நிலையத்தில் ஏறித் திரும்புவதாக ஏற்பாடு. இடையில் கனசாவாவையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குத் தப்பியதால் பழைய தெருக்கள் இன்னும் எஞ்சியிருக்கும் கோட்டை நகரம் அது என்று படித்ததிலிருந்து அந்தப் பெயர் மனத்தை விட்டு அகலவில்லை.

ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தூரத்தை ககாயாக்கி என்னும் அதிவேக ரயில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ஆகவே டோக்கியோ விடுதியைக் காலி செய்யாமல், காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம் என்று எண்ணுகிறேன். மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. தாயாருக்கு வயது அறுபத்தெட்டு. மெதுவாக நடப்பார், செங்குத்தான படிகள் ஆகாது, சைவ உணவு மட்டுமே உண்பார். ஒரு நாள் போதுமா? ஏழு நாள் ரயில் பாஸ் வாங்குவது இலாபமா? பெட்டிகளை என்ன செய்வது? போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொன்றைமரம் எழுதியது:

உங்கள் மனைவி சொல்வதே சரி என்பேன். அதற்கு முதற்காரணம் களைப்பு அன்று, வழித்தடம். மத்திய ஜப்பானைச் சுற்றி ஜப்பான் கடலோரமாக வளைந்து செல்லும் பாதையில், டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் இடையில் இருக்கிறது கனசாவா. அங்கே போய்விட்டு மறுபடி டோக்கியோவுக்கே திரும்பி, பிறகு கியோட்டோவுக்குப் புறப்படுவது, தாண்ட வேண்டிய ஆற்றைப் பாதி தாண்டிவிட்டு மீண்டும் இக்கரைக்கே நீந்தி வருவதைப் போன்றது. டோக்கியோ, கனசாவா, கியோட்டோ என்று ஒரே போக்கில் போய்விடுங்கள். கனசாவாவில் இரண்டு இரவு தங்குங்கள், இயலாவிட்டால் ஓர் இரவாவது தங்குங்கள்.

இந்த ஊருக்கு வேகம் வந்தது அண்மையில்தான். நாகானோ வரை 1997இல் போடப்பட்டிருந்த அதிவேகப் பாதை 2015 மார்ச் 14 அன்று கனசாவாவுக்கு நீண்டது. அதற்கு முன்பு டோக்கியோவிலிருந்து வருபவர்கள் வழியில் வண்டி மாறி, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பயணம் செய்தார்கள். அப்போது எவரும் இதை ஒரு நாள் பயணமாக நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ரயில் விரைவாகிவிட்டது என்பதற்காக ஊரும் விரைவாகப் பார்த்து முடிக்கக்கூடியதாக மாறிவிடவில்லை.

1583இல் மயேதா தோஷியே இங்குள்ள கோட்டைக்குள் நுழைந்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அவருடைய குலமே இப்பகுதியை ஆண்டது. பத்து லட்சம் கொக்கு நெல் விளைச்சல் மதிப்பிடப்பட்ட நாடு இது. ஒரு கொக்கு என்பது சுமார் 150 கிலோ அரிசி. நாட்டை ஆண்ட இராணுவத் தலைவரான ஷோகுனுக்கு அடுத்தபடியான செல்வம் இருந்தும், அச்செல்வத்தைப் படைபலமாகக் காட்டினால் ஐயத்துக்கு ஆளாக நேரும் என்பதால், அவர்கள் தோட்டக்கலை, தேநீர்க்கலை, நோ நாடகம், அரக்குவேலை, பொற்றகடு ஆகியவற்றில் அதைக் கொட்டினார்கள் என்று சொல்வதுண்டு. இன்று ஜப்பானின் பொற்றகட்டில் ஏறக்குறைய முழுவதும், அதாவது 99 விழுக்காடு, இந்த ஒரே ஊரில் செய்யப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தட்டி மெலிதாக்குகிறார்கள். பிறகு கியோட்டோவில் பொற்கோயிலின் முன் நிற்கும்போது, அதன் சுவரில் மின்னுவதும் கனசாவாவில் தட்டிய தகடு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச் சொல்வதற்கு இரண்டாவது காரணம் கென்ரோகுஎன் தோட்டம். விசாலம், தனிமை, செயற்கை நயம், தொன்மை, நீர்வளம், தொலைதூரம் வரை விரியும் காட்சி என்று ஆறு பண்புகளும் ஒருங்கே அமைந்தது என்பது அந்தப் பெயரின் பொருள். இந்த ஆறும் ஓரிடத்தில் சேர்வது அரிது. விசாலமான இடத்தில் தனிமை ஏது? பகல் பத்து மணிக்குச் சுற்றுலாக் கூட்டம் வந்த பின்னர் இரண்டாவது பண்பை நீங்கள் அங்கே தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நவம்பரில் தோட்டம் முறைப்படி திறக்கும் எட்டு மணிக்கு முன்பே, காலை ஆறு மணியிலிருந்து, குறிப்பிட்ட வாயில்கள் வழியாகக் கட்டணமின்றி உள்ளே விடுகிறார்கள். திறப்பு நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாக வெளியேறிவிட வேண்டும் என்பது மட்டுமே விதி. டோக்கியோவிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. நவம்பர் முதல் தேதியில் தொடங்கி, பனியின் பாரத்தில் கிளைகள் முறியாதிருக்க ஒவ்வொரு பைன் மரத்துக்கும் உச்சியிலிருந்து குடைக்கம்பிகளைப் போலக் கயிறு கட்டும் வேலை நடக்கும். நீங்கள் போகும் வாரத்தில் செம்மேப்பிள் இலைகளும் அந்தக் கயிற்றுக் கூம்புகளும் ஒன்றாகக் கண்ணில் படக்கூடும். இந்தச் சேர்க்கைக்காகவே சிலர் அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்குள்ள சிறு நீரூற்றையும் தாயாருக்குக் காட்டுங்கள்: மேலேயுள்ள குளத்துக்கும் அதற்கும் இடையிலான உயர வேறுபாட்டினால் மட்டுமே, எந்த இயந்திரமும் இல்லாமல், அது பாய்கிறது.

ஒற்றையடிப்பாதை எழுதியது:

கொன்றைமரம் சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் ஒரு நாள் பயணத்தை அடியோடு தள்ளிவிட வேண்டாம். நான் தனியாக அப்படித்தான் போனேன். காலை ஆறு மணியளவில் புறப்படும் வண்டியில் ஏறி, ஒன்பது மணிக்கெல்லாம் கனசாவா நிலையத்தின் முன்னுள்ள மர வாயிலின் கீழ் நின்றேன். நோ நாடகத்தின் சுசுமி மத்தளத்தை ஒத்த தூண்களைக் கொண்ட அந்த வாயிலின் பின்னாலுள்ள பெரிய கண்ணாடிக் கூரைக்கு ஊரின் மழையே காரணம். இறங்கும் விருந்தினருக்குக் குடை நீட்டுவதாக அந்தக் கூரையை வடிவமைத்தார்கள். உணவுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது அந்த வட்டாரத்துப் பழமொழி. நான் மறந்தேன், நனைந்தேன்.

ஒரே நாளில் போக விரும்புபவர் மூன்று இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நான் கற்ற பாடம். தோட்டமும் அதை ஒட்டிய கோட்டையும் ஒன்று. சாமுராய்க் குடும்பங்கள் வாழ்ந்த, மண்சுவர்கள் நிற்கும் நாகாமாச்சி தெருக்கள் இரண்டு. 1820இல் அமைக்கப்பட்ட ஹிகாஷி சாயா என்னும் தேநீர் விடுதித் தெரு மூன்று. இந்த மூன்றாவதில்தான் நான் தோற்றேன். மாலை ஐந்து மணியளவில் கடைகள் அடைபட்டு, கூட்டம் கலைந்து, மரச் சட்டக் கதவுகளுக்குப் பின்னால் விளக்குகள் ஏற்றப்பட்டபோதுதான் அந்தத் தெரு தன் முகத்தைக் காட்டத் தொடங்கியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு ஓட வேண்டியிருந்தது.

தாயாரைக் கருதி ஒரு எச்சரிக்கை. நிஞ்ஜா கோயில் என்று அழைக்கப்படும் மியோரியுஜிக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டாம். வெளியே இரண்டு மாடி போலத் தோன்றும் அந்தக் கட்டடத்துக்குள் 23 அறைகளும் 29 படிக்கட்டுகளும் ஒளிந்திருக்கின்றன. நிஞ்ஜாக்களுக்கும் அதற்கும் உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லை, மறைவழிகள் நிறைந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பாஸ் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாடு முழுவதும் செல்லும் ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கனசாவாவுக்கு முன்பதிவு இருக்கையோடு 14,000 யென்னுக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து கியோட்டோவுக்கு 10,000 யென்னுக்குள் முடிந்துவிடும். ஆகவே உங்கள் பாதைக்கு அந்தப் பாஸ் வெறும் நட்டம். டோக்கியோவையும் ஒசாகாவையும் கனசாவா வழியாக இணைக்கும் ஹொக்குரிக்கு ஆர்ச் பாஸ் ஒன்று உண்டு. 2024 மார்ச்சில் அதன் விலை 30,000 யென்னாயிற்று. நாகானோவிலோ தோயாமாவிலோ இறங்கிப் பார்ப்பவர்களுக்கும், விமான நிலைய ரயில்களையும் அதிலேயே அடக்கிக்கொள்பவர்களுக்கும் அது கட்டுப்படியாகலாம். மற்றவர்களுக்குத் தனித்தனிப் பயணச்சீட்டே போதும். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கும்முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ககாயாக்கியில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்குரியவை. முன்பதிவில்லாத பெட்டிகள் வேண்டுமென்றால், கூடுதல் நிலையங்களில் நின்று மூன்று மணி நேரம் அளவில் செல்லும் ஹகுதாக்காவில் உண்டு.

கனசாவாவிலிருந்து கியோட்டோவுக்கு இப்போது நேரடி வண்டி இல்லை என்பதையும் கவனியுங்கள். 2024 மார்ச் 16 அன்று அதிவேகப் பாதை கியோட்டோ செல்லும் வழியிலுள்ள சுருகா வரை நீண்டதும், அதுவரை கனசாவாவுக்கே வந்துகொண்டிருந்த தண்டர்பேர்ட் விரைவு வண்டி சுருகாவோடு நிறுத்தப்பட்டது. சுருகாவில் அதிவேக ரயில் மூன்றாம் தளத்தில் நிற்கும், தண்டர்பேர்ட் தரைத்தளத்திலிருந்து புறப்படும். இடையே எட்டு நிமிட அளவே கிடைக்கும் இணைப்புகளும் உண்டு. மின்தூக்கியும் நகரும் படிகளும் இருந்தாலும், மெதுவாக நடப்பவரோடு செல்லும்போது பயணச்சீட்டு எடுக்கும் இடத்திலேயே நீண்ட இடைவெளியுள்ள இணைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பெரிய பெட்டிகளை டோக்கியோ விடுதியின் வரவேற்பு மேசையிலேயே கொடுத்து, தக்யுபின் என்னும் பெட்டி அனுப்பும் சேவை மூலம் நேராகக் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாளுக்கான கைப்பையோடு கனசாவாவில் இறங்குவதே நிம்மதி.

வழிப்போக்கன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வழித்தடத்தைப் பற்றிய வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு இரவுகளை ஒதுக்கிவிட்டேன். மனைவி வென்றதை இங்கே பதிவு செய்யச் சொல்கிறார். தாயாரின் உணவு, ரயிலில் எந்தப் பக்கம் அமர்வது என்ற இரண்டு கேள்விகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

கொன்றைமரம் எழுதியது:

உணவில்தான் கவனம் வேண்டும். காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பிலும், நூடுல்ஸ் குழம்பிலும், வேகவைத்த கிழங்கிலும்கூட உலர்ந்த மீன் சீவலில் எடுத்த தாஷி என்னும் சாறு இருக்கும்; பரிமாறுபவர் அதை இறைச்சியாகவோ மீனாகவோ கருதாமல் நல்லெண்ணத்தோடு சைவம் என்றே சொல்லிவிடுவார். ஆகையால் மீன் தாஷியும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டொன்றைக் கையில் வைத்திருங்கள். காகா காய்கறிகள் என்று பெயர்பெற்ற இவ்வூர்த் தாமரைக் கிழங்கும் சர்க்கரைவள்ளியும் மிகுந்த சுவையுடையவை. தீயில் சுட்ட சர்க்கரைவள்ளியில் தாஷிக்கு இடமில்லை. இன்னொன்று: கென்ரோகுஎன்னுக்குப் பகலில் போவதானாலும், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. வயதைக் காட்டத் தாயாரின் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

இருக்கையைப் பொறுத்தவரை, டோக்கியோவிலிருந்து போகும்போது கருயிசாவாவைத் தாண்டியதும் ஆசாமா எரிமலை வலப்பக்கம் தெரியும். தோயாமாவை நெருங்கும்போது பனி மூடிய தாத்தேயாமா மலைத்தொடர் இடப்பக்கம் எழும். கடல் வலப்பக்கம்தான், ஆனால் சுரங்கங்கள் மிகுந்த பாதையாதலால் இத்தோயிகாவா அருகில் சில நொடிகளே கண்ணில் படும். வானம் தெளிந்திருந்தால் நான் இடப்பக்கத்தையே எடுப்பேன். சுருகாவிலிருந்து கியோட்டோ செல்லும் தண்டர்பேர்டிலும் இடப்பக்கமே நல்லது. பிவா ஏரி நெடுந்தூரம் கூடவே வரும்.