குதிரை மசாலில் ஆடு மேய்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். மானூர் பக்கம் 20 செவ்வாடுகள் வைத்திருக்கிறேன். குதிரை மசால் என்னும் பயறுவகைத் தீவனப் பயிரை இங்கே தண்ணீர் பாய்ச்சி இறவையில்தான் போடுவார்கள். நான் ஐப்பசி மழையையும் கரிசலின் ஈரத்தையும் நம்பி மானாவாரியில் விதைத்தேன். தையில் தளதளவென்று நிற்கிறது.

நேற்று விடியலில், பனி காயுமுன்னே, பசித்த மந்தை உள்ளே புகுந்துவிட்டது. ஒரு சினையாட்டுக்கு இடப்பக்க வயிறு முரசுபோல் உப்பி, வாய் பிளந்து மூச்சு வாங்கியது. மருத்துவர் வந்து காப்பாற்றினார். இளந்தழை வயிற்றில் நுரைத்துக் காற்றை அடைத்துவிடுமாம்.

இன்று முதலில் சோளத்தட்டை கொடுத்து, பனி காய்ந்தபின் கால் மணி நேரம் மட்டும் விட்டேன். இந்த நேரத்தை எப்படிக் கூட்டுவது? பாத்தி பிரித்து மேய்த்தால், தூர் மறுபடி தழைக்க எத்தனை நாள் விட வேண்டும்? ஊடே கொழுக்கட்டைப்புல் விதைத்தவர்கள் இருக்கிறீர்களா? அந்த ஆடு இன்னும் சரியாக அசைபோடவில்லை, மனது கிடந்து தவிக்கிறது.