எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த காலி விஸ்கி பாட்டில்: எந்த ஆலை, எந்தக் காலம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நெல்லியாம்பதி பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்த சாமான் எங்கள் ஊர் ஆக்கிரிக் கடைக்கு (பழைய சாமான் கடை) வந்தது. அதிலிருந்து ஒரு காலி பாட்டிலைப் பேரம் பேசி எடுத்துவந்தேன். சொட்டுக்கூடக் குடிக்காதவன் சாராயக் குப்பியோடு வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடிப்போன விஸ்கி ஆலைகளைப் பற்றித் தேடிப் படிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. பாதி லேபிளில் 'ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்', 'லூயிவில், கென்டக்கி' தெரிகிறது. இந்தப் பாட்டிலை மறுபடி விற்பது சட்டப்படி குற்றம் என்று கண்ணாடியிலேயே ஆங்கிலத்தில் புடைப்பெழுத்து. கழுத்தில் பச்சைத் தாள் ஒட்டியிருக்கிறது. ஊறவைத்துக் கழுவலாமா?

வாளையார் வாசு:
ஐயோ, தண்ணீரே படக் கூடாது! காய்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். உங்கள் கையில் இருப்பதில் கண்ணாடியைவிடக் காகிதம்தான் பெறுமானம்.

அந்தப் புடைப்பெழுத்து அமெரிக்காவில் மதுவிலக்கு போனபின் 1935 முதல் 1964 வரை கட்டாயம். கள்ளச்சாராயக்காரர்கள் பழைய பாட்டிலில் ஊற்றி விற்காமலிருக்க அந்த ஏற்பாடு. அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்குள்ள எண்களில் ஒன்று பெரும்பாலும் பாட்டில் வார்த்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். பச்சைத் தாள் இன்னும் நல்ல சேதி. 1897 சட்டப்படி ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது 4 ஆண்டு அரசுக் காவலில் இருந்த சரக்குக்குத்தான் அது. வடித்த பருவமும் அடைத்த பருவமும் அதிலேயே இருக்கும்.

அந்தக் காலத்து ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஸ்டிட்சல்-வெல்லர் ஆலையில் வடித்தது. 1935இல் திறந்தார்கள், 1992இல் வடிப்பதை நிறுத்தினார்கள். பெயரை 1999இல் ஹெவன் ஹில் என்ற நிறுவனம் வாங்கியது, இன்றும் விற்கிறது. பிராண்ட் உயிரோடு இருப்பதால் ஆலையும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் நேர்மாறு. 1983இல் மூடிய போர்ட் எல்லன் ஆலையை 2024இல் திறந்தேவிட்டார்கள். மூடியது என்பதற்காகவே ஏறிய அதன் பழைய விஸ்கியின் விலை எனக்குச் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிறது.

சித்தூர் ஆத்துக்காரி:
கென்டக்கி சரி, நம்ம பக்கத்தை விட்டுவிட்டீர்களே! மேனோன்பாறையில் சர்க்கரை ஆலை மூடி, அந்த இடம் மலபார் டிஸ்டில்லரீஸுக்குப் போனது. நம் நாட்டு 'விஸ்கி' பெரும்பாலும் கரும்புப் பாகுக் கழிவிலிருந்து வந்த சாராயம்தானே, அதனால் சர்க்கரை ஆலைக் காகிதங்களையும் விடாதீர்கள். நம் லேபிளில் முகவரிதான் சாட்சி. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தியது. 'மைசூர் ஸ்டேட்' என்றிருந்தால் 1973க்கு முந்தியது. 'திருவிதாங்கூர்-கொச்சி' கிடைத்தால் 1956க்கு முந்தியது, எனக்கு உடனே சொல்லுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அடியில் 56 இருக்கிறது. பச்சைத் தாளில் 'ஸ்பிரிங்' (வசந்தப் பருவம்) வரை தெரிகிறது, ஆண்டு கிழிந்துவிட்டது. சீல் உடையாத பாட்டில் ஒன்றும் தருவதாகச் சொல்கிறார்கள், வாங்கட்டுமா?

வாளையார் வாசு:
வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கண்டது? கேரளாவில் கையிருப்புக்கு அளவு உண்டு, அதைத் தூக்கிக்கொண்டு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் வழக்கு வேறு. அதே காசுக்கு அந்தப் பங்களாவின் பழைய பில் கட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பாட்டிலை எந்தக் கடை, எந்த ஆண்டு அனுப்பியது என்று அதில் இருக்கலாம்.