குவில்ட் தைக்கும் முன் துணியைத் துவைக்க வேண்டுமா?

ஊசிமுனை:
முதல் குவில்டுக்குத் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சும் அடியில் துணியும் வைத்துத் தைக்கும் போர்வை) துணி வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாம் பருத்தி: அடர்சிவப்பு, கருநீலம், வெள்ளை. அடிப்பக்கத்துக்கு ஒரே துண்டாக பிளானல், அதாவது மேற்பரப்பில் மென்மயிர் எழுப்பிய பருத்தித் துணி. வெள்ளையில் பாதி, 5 அங்குலச் சதுரங்களாக வெட்டியே விற்கும் கட்டு. துவைத்துவிட்டு வெட்டு என்கிறார் ஒருவர். துவைத்தால் விறைப்பு போய்விடும் என்கிறார் இன்னொருவர். இருவருமே நன்றாகத் தைப்பவர்கள் என்பதுதான் சிக்கல்.

பாவும்ஊடையும்:
துவையுங்கள். தறியிலும் ஆலையிலும் நூல் இழுத்துப் பிடித்த நிலையிலேயே இருக்கிறது. தண்ணீர் பட்டதும் இழை பருத்து, இழுவிசை தளர்ந்து, துணி தன் இயல்பான அளவுக்குத் திரும்புகிறது. பருத்தியில் 3 முதல் 5 விழுக்காடு சுருக்கம் சாதாரணம். 2 மீட்டர் நீளத்தில் 5 விழுக்காடு என்றால் 10 சென்டிமீட்டர்! எல்லாத் துணியும் ஒரே அளவில் சுருங்குவதும் இல்லை. ஒரே துணியில்கூடப் பாவு (நீளவாட்டு நூல்) வாக்கில் ஒரு கணக்கு, ஊடை (அகலவாட்டு நூல்) வாக்கில் வேறு கணக்கு. துண்டுகளை முனை முனையாகப் பொருத்தித் தைத்த நட்சத்திர வடிவம் முதல் சலவையில் கோணிக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது?

கத்தரிக்கோல்:
முறையிட வேண்டியிராது. அந்த 10 சென்டிமீட்டர், கொடியில் தனியாகத் தொங்கும் துணிக்கான கணக்கு. குவில்டில் ஒவ்வொரு துண்டும் நாலு பக்கமும் தையலில் கட்டுண்டு, பஞ்சோடும் அடித்துணியோடும் பிணைந்திருக்கிறது. 10 சென்டிமீட்டர் துண்டு ஒன்று 3 விழுக்காடும், பக்கத்துத் துண்டு 5 விழுக்காடும் சுருங்கினால் வித்தியாசம் 2 மில்லிமீட்டர். அது தையல் வரிகளுக்கு நடுவே மடிப்பாக அடங்கிவிடும். பழைய குவில்டுகளில் நாம் ஆசையோடு தடவிப் பார்க்கும் அந்தச் சுருக்கம் இப்படி வந்ததுதான். புதுத்துணியோ கத்திக்கு அடங்கி நிற்கும். கால் அங்குலத் தையல் விளிம்பு நேராக வரும். துவைத்த துணி துவண்டுபோய், மூலைவாட்டில் வெட்டினால் இழுபடும்.

பாவும்ஊடையும்:
விறைப்புதானே வேண்டும்? துவைத்த பிறகு கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் ஆயிற்று. ஆலையில் எதைப் பூசினார்கள் என்று தெரியாத விறைப்பைவிட அது மேல். துணி கசங்காமல் இருக்கப் பூசும் சில பிசின்களில் ஃபார்மால்டிஹைடு உண்டு. ஒவ்வாத தோல் என்றால் தைக்கும்போதே அரிக்கும்.

கத்தரிக்கோல்:
கஞ்சி போட்ட துணியை வெட்டாமல் அலமாரியில் அடுக்கி வைத்துப் பாருங்கள், வெள்ளிமீன் பூச்சிகள் பந்திக்கு வந்துவிடும். ஒவ்வாமை உள்ளவர்கள் துவைக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை.

சாயத்தொட்டி:
சுருக்கத்தைப் பற்றியே இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள். கேட்டவர் கையில் சிவப்பும் வெள்ளையும் இருப்பதை யாரும் பார்க்கவில்லையா? 2 மில்லிமீட்டர் மடிப்பில் மறையும். வெள்ளையில் ஏறிய இளஞ்சிவப்பு எந்த மடிப்பிலும் மறையாது.

ஊசிமுனை, சிவப்பிலும் கருநீலத்திலும் சிறு துண்டு வெட்டி, சலவைத்தூள் கலந்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிறகு ஈரத்தோடு வெள்ளைத் துணிமேல் வைத்து உலரவிடுங்கள். கறை பட்டால் முழுத்துணியையும் வெந்நீரில் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். சாயம் போகாமல் நிற்க உப்பு, வினிகர் என்று யாராவது கிளம்புவார்கள்; கேட்காதீர்கள். இன்று பருத்தியில் பெரும்பாலும் ஏற்றுவது இழையோடு வேதிவினை புரிந்து பிணையும் சாயம். பிணையாமல் தங்கிய மிச்சம்தான் கரைந்து வருகிறது. அதை வெளியேற்ற வேண்டும். வினிகர் அதை இழையோடு பிணைத்துவிடாது.

நூல்கண்டு:
சாயம் பிடிக்கும் தாளைச் சலவை இயந்திரத்தில் போட்டால் போதாதா? நான் எதையும் முன்கூட்டித் துவைப்பதில்லை.

சாயத்தொட்டி:
கொஞ்சம் கசிந்தால் அந்தத் தாள் உறிஞ்சும், நிறையக் கசிந்தால் திணறும். துணியோடு துணி ஒட்டிக்கிடக்கும் இடத்தில் சாயம் தாளைத் தேடிப் போகாது, பக்கத்து வெள்ளைக்குத்தான் தாவும். அப்படி நேர்ந்தால் காயவிடாமல் உடனே ஏராளமான வெந்நீரில், சலவைத்தூளோடு ஊறவையுங்கள். பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

ஊசிமுனை:
அப்படியானால் சிவப்பையும் நீலத்தையும் மட்டும் துவைத்துவிட்டு, வெள்ளையை விட்டுவிடலாமா?

பாவும்ஊடையும்:
கூடவே கூடாது! சுருங்கியதும் சுருங்காததும் ஒரே குவில்டில் சேர்ந்தால் நான் முதலில் சொன்ன கதைதான். ஒன்று எல்லாம் துவையுங்கள், இல்லையென்றால் எதையும் தொடாதீர்கள்.

கத்தரிக்கோல்:
5 அங்குலச் சதுரங்களை எப்படித் துவைப்பதாம்? வெளியே எடுக்கும்போது பாதி நூலாகப் பிரிந்திருக்கும், மீதி 5 அங்குலம் இருக்காது. வெட்டி விற்பவற்றைத் துவைக்கக்கூடாது என்பதில் ஊரே ஒற்றுமை. சிவப்பு சோதனையில் தோற்றால் சிவப்பை மட்டும் துவைக்கட்டும். வெள்ளை பின்னால் சுருங்கும்போது வரும் கூடுதல் மடிப்பு 10 சென்டிமீட்டருக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர். அதற்காக யாரும் குவில்டைத் தூக்கி எறிய மாட்டார்கள்.

பாவும்ஊடையும்:
பிளானலை மறந்துவிட்டீர்களே. சாதாரணப் பருத்தியைவிட அது கூடுதலாகச் சுருங்கும், இங்கே ஒரே பெரிய துண்டு வேறு. அதையும் துவைக்காமல் வைக்கச் சொல்வீர்களா?

கத்தரிக்கோல்:
இல்லை. பிளானலை நானும் துவைப்பேன்.

ஊசிமுனை:
சிவப்புத் துண்டு இப்போது கிண்ணத்தில் ஊறுகிறது. தண்ணீர் லேசாக நிறம் மாறத் தொடங்கிவிட்டது. பெரிய துணிகளைத் துவைக்கும்போது ஓரம் பிரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

நூல்கண்டு:
நாலு மூலையையும் சாய்வாகச் சிறிது கத்தரித்துவிடுங்கள், நூல் சிக்கு குறையும். பிளானலுக்கு மட்டும் வெட்டிய ஓரங்களில் ஜிக்ஜாக் தையல் ஓட்டுங்கள்.