இரும்புத் தாச்சியில் உருளைக்கிழங்கு பொரிப்பது: அவித்த பிறகா, பச்சையாகவா?

தலவாக்கலை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். மதியச் சோற்றுக்குப் பருப்பும் ஒரு கீரையும் வைக்கும் நாட்களில், கூடவே உருளைக்கிழங்குப் பொரியல் இருந்தால்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். ஆறு பேருக்கு ஏறக்குறைய 1 கிலோ கிழங்கு வேண்டியிருக்கிறது. தேங்காயெண்ணெய் விற்கிற விலையில் மிதக்கவிட்டுப் பொரிக்கக் கட்டுப்படியாகாது என்பதால், அடி தட்டையான இரும்புத் தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயோடு முடித்துக்கொள்கிறேன். துண்டுகளைப் பச்சையாகப் போட்டால் மேற்புறம் கருகத் தொடங்கிய பின்னரும் நடுப்பகுதி வேகாமல் நறுக்கென்றிருக்கிறது. அவித்துப் போட்டாலோ தாச்சியில் ஒட்டிக்கொண்டு, கிளறக் கிளற மசிந்துவிடுகிறது. சமையற் குறிப்புகளில் வரும் நிமிடக் கணக்கும் இங்கே ஒத்துவருவதில்லை. கிழங்கு வெலிமடைப் பக்கத்திலிருந்து வருவது. சந்தையில் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் சேர்ந்து வர எந்த முறை ஏற்றது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நுவரெலியாச் சமையற்காரர்:

வணக்கம் சகோதரி. விடுதிச் சமையலறையில் வேலை செய்பவன் என்ற முறையில், முக்கால் வேக்காடாக அவித்துவிட்டுப் பொரிப்பதையே நான் பரிந்துரைப்பேன். நிமிடக் கணக்கு ஒத்துவராததற்கு நாம் வாழும் உயரமே காரணம். கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலுள்ள தலவாக்கலையில் 96 பாகையளவிலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலும் கொதித்துவிடுகிறது. அதன் பிறகு அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. ஆகவே கொழும்பு அடுப்பை மனதில் வைத்து எழுதப்பட்ட நேரத்தை விட்டுவிட்டுக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை சிரமமின்றி இறங்க வேண்டும். ஆனால் கத்தியோடு தூக்கும்போது துண்டு பிளந்து விழக் கூடாது. அதுதான் பதம்.

துண்டுகள் எல்லாம் 2 சென்ரிமீற்றர் அளவில் ஒன்றுபோல் இருக்கட்டும். கொதிக்கும் நீரில் போடாமல், பச்சைத் தண்ணீரிலேயே உப்போடு போட்டு அடுப்பில் ஏற்றினால் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே சீராக வேகும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேர்த்துக்கொள்ளுங்கள். கிழங்கின் கலங்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் கரைந்துபோவதை அந்தப் புளிப்பு தாமதப்படுத்துவதால், துண்டுகள் விளிம்பு குலையாமல் நிற்கும். சுவையில் புளிப்பு தெரியாது.

வடித்த கையோடு தாச்சியில் கொட்டிவிடாதீர்கள். அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கி மேற்புறம் வெளிறி வறண்டு தெரியும் வரை விட்டு வைக்க வேண்டும், ஏனென்றால் துண்டில் ஈரம் இருக்கும் மட்டும் தாச்சியின் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகுமே தவிர, பொன்னிறம் பிடிக்காது. வெறும் தாச்சியை முதலில் நன்றாகக் காயவைத்து, பிறகு எண்ணெயை ஊற்றிச் சுற்றிலும் படரவிட்டு, துண்டுகளை ஒரே அடுக்காகப் போடுங்கள். 1 கிலோவை இரண்டு முறையாகப் பொரிப்பதே நல்லது. போட்டவுடன் கிளற வேண்டாம். அடியில் பொருக்குப் பிடித்ததும் துண்டு தானாகவே தாச்சியை விட்டு நழுவும். தட்டகப்பையின் நுனியால் மெல்லத் தள்ளியும் அசையாத துண்டை வலிந்து பெயர்த்தால், நீங்கள் ஆசையோடு காத்திருந்த அந்தப் பொருக்குதான் தாச்சியோடு போய்விடும்.

ஹப்புத்தளை இல்லத்தரசி:

ஐயா சொன்ன முறையில் குறை காண மாட்டேன். ஆனால் விடியற்காலையில் சோறு, கறி, பாடசாலைச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் முடிக்க வேண்டிய வீட்டில், அவிப்பதற்கு ஒன்று, பொரிப்பதற்கு ஒன்று என இரண்டு பாத்திரங்களுக்கு எரிவாயு செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. பச்சைக் கிழங்கை அரை சென்ரிமீற்றர் தடிப்பில் வில்லைகளாக வெட்டி, குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, நீர் தெளியும் வரை அலசினால், ஒட்டுவதற்குக் காரணமான மேற்பரப்பு மாப்பொருள் நீங்கிவிடும். துணியில் ஒற்றி ஈரம் போக்கி, காய்ந்த எண்ணெயில் போட்டு, மெல்லிய நெருப்பில் மூடி வையுங்கள். கிழங்கின் சொந்த ஈரமே ஆவியாகி உள்ளே வேகவைக்கும். வில்லை வளையத் தொடங்கியதும் மூடியை எடுத்து நெருப்பைக் கூட்டினால் சிவந்து வரும். மூடியின் உட்புறம் கோத்திருக்கும் நீர் தாச்சிக்குள் சிந்தாமல் அதைச் சாய்க்காமல் தூக்குங்கள். உப்பு நீரை இழுப்பதால் கடைசியில் தூவுவதே சரி.

வெலிமடை விவசாயி:

முறை எதுவானாலும், உங்கள் கிழங்கு முன்கூட்டியே கருகுவதற்குக் குளிர்சாதனப் பெட்டியே முதன்மைக் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 5, 6 பாகைக்குக் கீழான குளிரில் உருளைக்கிழங்கு தன் மாப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனியாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சீனி சூட்டில் விரைவாகச் சிவந்து கறுத்துக் கசப்பதால், நடுப்பகுதி வேகும் முன்பே மேற்புறம் எரிந்துவிடுகிறது; அவ்வாறு கறுத்த பொரியலில் அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருளும் மிகுதியாக உண்டாகிறது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, சாதாரண அறைச் சூட்டில் இரண்டு வாரமளவு வைத்திருந்தால் அந்தச் சீனியில் ஒரு பகுதி மீண்டும் குறையும்.

இனிமேல் காற்றோட்டமுள்ள சாக்கிலோ கூடையிலோ, வெளிச்சம் படாத மூலையில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி, சோலனைன் என்ற நச்சுப் பொருள் கூடும். பச்சைப் பகுதியையும் முளைக்குருத்தையும் ஆழமாக வெட்டி எறியுங்கள், பெரும்பகுதி பச்சையாகிவிட்ட கிழங்கைச் சமைக்கவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் அதிகம் பயிரிடப்படும் கிரானோலா, மஞ்சள் சதையும் ஓரளவு கட்டியான தன்மையும் உள்ள கிழங்கு; வெந்தாலும் எளிதில் உதிராது. வாங்கும்போது பெருவிரலால் தோலைத் தேய்த்துப் பாருங்கள். தோல் சுருண்டு உரிந்தால் அது முதிராமல் தோண்டிய கிழங்கு. நீர்ச்சத்து மிகுந்த அதைக் கறிக்கு வைத்துக்கொண்டு, தோல் இறுகிய கிழங்கைப் பொரிக்க எடுங்கள்.

தலவாக்கலை வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிழங்கை இன்றே சாக்குக்கு மாற்றிவிடுகிறேன். பாடசாலை நாட்களில் அக்கா சொன்ன வில்லை முறையையும், உறவினர் வரும் நாட்களில் ஐயா சொன்ன முறையையும் பின்பற்றலாம் என நினைக்கிறேன். வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய், மாசி ஆகியவற்றை எப்போது சேர்க்க வேண்டும் என்பதையும், இரண்டு முறையாகப் பொரிக்கும்போது முதலில் எடுத்தது நமத்துப்போகாமல் எப்படி வைப்பது என்பதையும் யாராவது கூற முடியுமா?

நுவரெலியாச் சமையற்காரர்:

முதலில் எடுத்ததைப் பாத்திரத்தில் குவித்து மூடாதீர்கள். தன் ஆவியிலேயே அது நமத்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் தட்டில் பரப்பித் திறந்தே வையுங்கள். இரண்டாம் பங்கும் சிவந்ததும் அதையும் எடுத்துவிட்டு, தாச்சியில் மிஞ்சிய எண்ணெயில் கறிவேப்பிலையையும் வெங்காயத்தையும் வதக்கி, வெங்காயம் ஓரம் சிவக்கையில் மாசியைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டுங்கள். மிளகாய் எளிதில் கருகும் என்பதால் நெருப்பைத் தணித்த பிறகே அதைத் தூவி, உடனே கிழங்கு முழுவதையும் கொட்டி, உப்புச் சேர்த்து, இரண்டு மூன்று முறை மட்டும் புரட்டி இறக்குங்கள். மரக்கறி மட்டும் உண்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குரியதை மாசி போடும் முன்பே பிரித்தெடுத்துவிடலாம். தேசிக்காய்ச் சாறு விரும்பினால், பரிமாறும்போது அவரவர் தட்டில் பிழிந்துகொள்ளட்டும். தாச்சியில் பிழிந்தால் பொருக்கு இளகிவிடும்.