எல்.கே.ஜி. டீச்சராக எதைப் படிக்கலாம்? கடலூர், பாண்டி தோழிகள் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ. தமிழ் முடிச்சிட்டு, திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில எல்.கே.ஜி.க்கு உதவி டீச்சரா இருக்கேன். வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு. கிரேயானை முஷ்டியில இறுக்கிப் பிடிச்ச ஒரு வாண்டு, மணல் தட்டுல விரலால ‘அ’ போட்டுப் பழகி, இப்ப அழகா மூணு விரல்ல பிடிக்குது. சம்பளத்தைப் பத்திப் பேசாம விடறதே நல்லது!

பயிற்சி முடிச்சாத்தான் கிளாஸ் டீச்சர் ஆக முடியுமாம். டி.எல்.எட். (தொடக்கக் கல்வி டிப்ளமோ) ஒண்ணாம் வகுப்புல இருந்து பாடம் எடுக்கறவங்களுக்குத்தான், அதனால அது வேணாம். இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அஞ்சல்வழி மழலையர் கல்வி டிப்ளமோன்னா வேலையை விடாம படிக்கலாம். மனசு என்னவோ மாண்டிசோரி (குழந்தைங்க பொருட்களைக் கையில எடுத்துத் தாங்களாவே கத்துக்கற முறை) பயிற்சி பக்கம்தான் போகுது. ஆனா அந்த மரக்கட்டை, மணியெல்லாம் கையில எடுத்துப் பழகாம, ஆன்லைன்ல சர்டிபிகேட் மட்டும் வாங்கி என்ன பண்றது?

பாண்டியில நேர்ல, சனி ஞாயிறு மாண்டிசோரி வகுப்புக்குப் போனவங்க இருக்கீங்களா? மொத்தம் எவ்வளவு ஆச்சு? இன்டர்வியூ டெமோ கிளாஸ்ல என்ன செய்யச் சொன்னாங்க? இங்கிலீஷ் சரளமா வராதவங்களை எடுக்கறாங்களா?

படிச்சவங்க மட்டும் சொல்லுங்கக்கா. விளம்பரம் வேண்டாம், ப்ளீஸ்.